வாசகர் கேள்வி – பதில்: சாறு போக மீந்த எலுமிச்சை மூடிகள்

கேள்வி: புளியங்குடிப் பக்கம் எங்களுக்கு எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. கோடையில் நல்ல விலை கிடைக்கிறது. வரத்து பெருகும் மாதங்களில் பறிகூலிக்கே கட்டுவதில்லை. அந்தப் பழத்தைச் சாறாக்கி விற்று, தோலிலிருந்து எண்ணெயும், ஜாமை உறையவைக்கும் பெக்டினும் எடுத்தால் சாற்றைவிட அதிக லாபம் என்று சொல்கிறார்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து தொடங்கலாமா?
— ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: தொடங்கலாம், ஆனால் பெக்டினை மறந்துவிட்டுத் தொடங்குங்கள். தோலின் உட்புறத்தில் இருக்கும் வெண்பகுதியில் பெக்டின் நிறைய உண்டு என்பது உண்மைதான். அதைப் பிரிப்பதற்குத் தோலைக் கழுவி, நீர்த்த அமிலத்தில் சூடாக்கி, கரைசலை வடிகட்டி, அதில் ஆல்கஹாலை ஊற்றித் திரியவைத்து, அந்த ஆல்கஹாலை மீண்டும் காய்ச்சி மீட்க வேண்டும். ஆல்கஹாலை வாங்கவும் இருப்பு வைக்கவும் உரிமம் தேவை. மீட்கும் கருவி இல்லாவிட்டால் செலவு வரவைத் தின்றுவிடும். இது நாள்தோறும் பல டன் தோல் வந்து விழும் ஆலைகளுக்குரிய வேலை.

சிட்ரிக் அமிலம் எடுக்கலாம் என்றும் யாராவது சொல்லக்கூடும். 1784-இல் ஷீலே என்ற வேதியியலாளர் எலுமிச்சைச் சாற்றிலிருந்துதான் அதை முதன்முதலில் பிரித்தார்; பின்னர் இத்தாலியின் எலுமிச்சைத் தோட்டங்கள் அந்த வணிகத்தில் செழித்தன. சர்க்கரைக் கரைசலில் ஒருவகைக் கரும்பூஞ்சையை வளர்த்தே அந்த அமிலத்தைப் பெறலாம் என்று 1917-இல் ஜேம்ஸ் கறி என்ற அமெரிக்க வேதியியலாளர் காட்டினார். 1919-இல் ஃபைசர் நிறுவனம் அவ்வழியில் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு பழத்திலிருந்து எடுப்பது கட்டுப்படியாகாத தொழிலாயிற்று. இன்று நீங்கள் கடையில் வாங்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், பழத்தைப் பார்த்தே இராது.

எண்ணெய் வேறு கதை. தோலின் வெளிப்படலத்தில் உள்ள நுண்பைகளில் அது இருக்கிறது. ஒரு டன் பழத்துக்குச் சில கிலோதான் தேறும் என்றாலும் மணப்பொருள் சந்தையில் மதிப்புள்ள சரக்கு. தோலைக் கீறி, தெளிக்கும் நீரோடு எண்ணெயை வழித்து, சுழல் கருவியில் பிரித்தெடுப்பது குளிர்முறை. பழத்தை நசுக்கி, அதன் புளிப்போடு சேர்த்து நீராவியில் வடிப்பது இரண்டாவது முறை. சூட்டில் அமிலம் எண்ணெயின் தன்மையையே மாற்றிவிடுவதால் வடித்த எண்ணெய்க்கு, கோலா பானங்களில் நாம் அறிந்த, தனி மணம் வந்துவிடுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு சரக்குகள், வெவ்வேறு விலைகள். ஆகவே வாங்குபவரை முதலில் பிடித்து, அவருக்கு எது வேண்டும் என்று கேட்டறியாமல் வடிகலத்துக்குப் பணம் போடாதீர்கள்.

எண்ணெய் எடுக்கும் எண்ணம் இல்லாதபோதும் அதைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்வது அவசியம். பிழியும்போது தோல் அளவுக்கு மீறி நசுங்கினால் எண்ணெய் சாற்றில் கலக்கும். அதன் பெரும்பங்கான லிமோனின் என்ற சேர்மம் காற்றுப்பட்டுக் கெட்டு, சில வாரங்களில் பாட்டிலுக்கு ஒரு பழைய வாடையைக் கொடுக்கும். அழுத்திப் பிழிந்தால் நாலு லிட்டர் கூடுதலாக வருமே என்ற ஆசை இங்கேதான் கையைக் கடிக்கிறது.

உங்கள் அளவுக்கு ஏற்றது ஸ்குவாஷ், அதாவது நீர் கலந்து குடிக்கும் இனிப்புச் சாறு. உணவுப் பாதுகாப்பு விதிப்படி அதில் குறைந்தது 25 விழுக்காடு சாறும், சர்க்கரை முதலான கரைபொருள்கள் 40 விழுக்காடும் இருக்க வேண்டும். கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 350 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதைத் தரும் கே.எம்.எஸ். (பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்) தூளில் ஏறத்தாழ 57 விழுக்காடே கந்தக டை ஆக்சைடாக மாறும் என்பதால், கிலோவுக்கு 0.6 கிராம் தூள் என்பது உச்ச அளவு. பாகு ஆறிய பிறகு, தூளைச் சிறிது நீரில் கரைத்துச் சேருங்கள். கொதிக்கும்போது போட்டால் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். பாத்திரம் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாகவே இருக்கட்டும். அலுமினியத்தையும் செம்பையும் இந்தப் புளிப்பு அரித்துவிடும்.

சாறு போக மீந்த மூடிகளை அன்றைக்கே உப்பில் போட்டால் ஊறுகாய்க்காரர்கள் வாங்குவார்கள். கவர்ச்சியில்லாத வழிதான், ஆயினும் முதல் ஆண்டுக் கணக்கை நேர்செய்யப்போவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: சாத்துக்குடிச் சாறு பிழிந்தவுடன் இனிக்கிறது, பிரிட்ஜில் வைத்து மாலையில் எடுத்தால் கசக்கிறது. பழம் கெட்டதா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: பழத்தின் மேல் குற்றமில்லை. சுளைத்தோலில் கசப்பற்ற ஒரு பொருள் இருக்கிறது. சாற்றின் அமிலத்தோடு சேர்ந்ததும் அது மெல்ல லிமோனினாக, அதாவது கசப்பாக, மாறுகிறது. (மேலே சொன்ன எண்ணெய்ச் சேர்மத்துக்கும் இதற்கும் தமிழில் எழுத்து ஒன்றாகிவிட்டது; பொருள் வேறு.) சூடாக்கினால் மாற்றம் விரைவுபடும், ஆகவே காய்ச்சி வைப்பது தீர்வாகாது. ஆலைகளில் சாற்றைப் பிசின் மணிகள் நிரம்பிய குழாய் வழியாகச் செலுத்திக் கசப்பை ஈர்த்துவிடுகிறார்கள். வீட்டில் விதையும் வெண்பகுதியும் மிக்சியில் அரைபடாமல் பிழிந்து, உடனே குடித்துவிடுங்கள்.

கேள்வி: ஜூஸ் கடையிலிருந்து தினமும் தோல் கிடைக்கிறது. மாட்டுக்குக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கொடுக்கலாம், சிறிதளவில் தொடங்கிப் பழக்குங்கள். ஈரத்தோல் ஓரிரு நாளில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்ததைக் கொட்டிவிடுங்கள். பெரிய ஆலைகள் தோலில் சிறிது சுண்ணாம்பு கலந்து, நீரை இளகவைத்துப் பிழிந்து, உலர்த்தித் தீவனமாக்குகின்றன. இதில் புரதம் குறைவாதலால் பிண்ணாக்குக்கு மாற்றாகாது. கோழிக்கு மட்டும் வேண்டாம். விதையில் உள்ள கசப்புப் பொருள் அதற்கு ஒவ்வாது.

கேள்வி: நாள் முழுவதும் எலுமிச்சை பிழிந்து வெயிலில் காயவைத்தேன். மறுநாள் கையில் தீப்புண் போலக் கொப்புளம். ஏன்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் உள்ள சில சேர்மங்கள் வெயில்பட்டதும் சருமத்தைச் சுட்டுவிடும். மருத்துவரிடம் காட்டுங்கள். இனி கையுறை அணிந்து பிழிந்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெயிலுக்குப் போங்கள். புண் ஆறிய இடத்தில் படியும் கருமை மறைய வாரங்கள் ஆகலாம்.