பி.என்.சி. பார்க்குக்குப் போகிறவர்களே, காரை இக்கரையிலேயே விடுங்கள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கும் பி.என்.சி. பார்க், பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் சொந்த மைதானம். அங்கே ஆட்டம் பார்க்கக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பேஸ்பால் விதிகளைப் பற்றி அல்ல. காரை எங்கே நிறுத்துவது, எவ்வளவு பிடுங்குவார்கள் என்பதைத்தான் கேட்கிறார்கள். இந்த ஊரில் குடியிருந்து, கோடை வந்தால் மைதானமே கதி என்று கிடப்பவன் என்பதால் எல்லோரும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளையெல்லாம் சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மன்ரோவில்லில் இருந்து): அண்ணா, முதல் தடவையாகப் போகிறோம், நான்கு பேர். டிக்கெட் மலிவாகக் கிடைத்துவிட்டது. ஆனால் மைதானத்தை ஒட்டிய இடங்களில் கார் நிறுத்தக் கேட்கும் தொகை ஒரு டிக்கெட்டின் விலையைவிட அதிகமாக இருக்கிறது. வேறு வழி இல்லையா?

இருக்கிறது. முதலில் ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மைதானம் அலெகெனி ஆற்றின் வடகரையில் இருக்கிறது. தென்கரையில் இருப்பது டவுன்டவுன். பகலில் அலுவலகக்காரர்களின் கார்களால் நிறைந்திருக்கும் டவுன்டவுன் அடுக்குமாடி நிறுத்துமிடங்கள் மாலையில் காலியாகிவிடும். ஆட்கள் வராத நேரத்தில் கட்டணத்தைக் குறைக்காமல் அவர்களுக்கு வழியில்லை. அதே மாலையில் வடகரையில் ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே நேரத்தில் வந்து மோதும். அங்கே விலை ஏறாமல் என்ன செய்யும்? ஆகவே காரைத் தென்கரையில் விட்டுவிட்டு ஆற்றை மட்டும் வேறு விதமாகக் கடக்க வேண்டும்.

கடக்க இரண்டு வழிகள். ஒன்று, 'டி' என்று ஊரார் அழைக்கும் ரயில். 2012-இல் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் குடைந்து இதை வடகரை வரை நீட்டினார்கள். தென்கரையில் ஃபர்ஸ்ட் அவென்யூ, ஸ்டீல் பிளாசா, வுட் ஸ்ட்ரீட், கேட்வே. வடகரையில் நார்த் சைட், அலெகெனி. இந்த ஆறு நிலையங்களுக்குள் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் காசு கிடையாது. சீட்டு, அட்டை எதுவும் வேண்டாம். ஏறி உட்கார வேண்டியதுதான். நார்த் சைட் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் சிறிது தூரத்திலேயே மைதானம்.

இரண்டாவது வழி நடை. ஆறாவது தெருவில் நேராக வடக்கே நடந்தால் ராபர்ட்டோ கிளெமென்டே பாலம். ஆட்ட நாட்களில் அதில் கார்களை விடுவதில்லை. பாலம் முழுக்க நடப்பவர்களுக்குத்தான். மஞ்சள் வண்ண இரும்புப் பாலம், கீழே ஆறு, எதிரே திறந்து கிடக்கும் மைதானம். அணியின் நிறங்களான கறுப்பும் பொன்னிறமும் உடுத்திய கூட்டம் நடுச்சாலையில் நடக்கும். வழியில் வேர்க்கடலைப் பையும் தண்ணீர் பாட்டிலும் கூவி விற்பார்கள். அக்கரையில் இறங்கும் இடத்தில், பைரேட்ஸ் அணியின் அந்நாள் நட்சத்திர ஆட்டக்காரர் கிளெமென்டேயின் சிலை நிற்கிறது. 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தவர் அவர். உள்ளே போனதும் வலப்பக்க மதில் ஏன் அவ்வளவு உயரம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 21 அடி, அவருடைய சட்டை எண் 21.

நான் போகும்போது பாலம், திரும்பும்போது அன்றைய களைப்பைப் பொறுத்து ரயில்.

கேள்வி: டவுன்டவுனில் எந்த நிறுத்துமிடம் என்று பெயர் சொல்லி எழுத முடியுமா ஐயா?

ரயிலில் போவதென்றால் ஃபர்ஸ்ட் அவென்யூ நிறுத்துமிடம். ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. காரைப் பூட்டிவிட்டு நேரே நடைமேடைக்குப் போய்விடலாம். டவுன்டவுனின் தென்கோடியில் இருப்பதால் மைதானத்துக்கு வரும் கார்களின் நெரிசல் இங்கே எட்டாது. நடந்து போவதென்றால் ஸ்மித்ஃபீல்ட்-லிபர்ட்டி அருகில் இருக்கிறது. தேர்டு அவென்யூவும் வுட்-அலைஸும் கொஞ்சம் தள்ளி. இவை நகரின் பார்க்கிங் ஆணையத்துக்குச் சேர்ந்தவை. தனியார் இடங்களைவிடப் பெரும்பாலும் மலிவு.

ஒன்றைக் கவனியுங்கள். மாலைக் கட்டணம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று நுழைவாயில் பலகையில் எழுதியிருக்கும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் தடையைத் தாண்டி உள்ளே போனால் உங்கள் சீட்டில் பகல் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். வார நாள் இரவு ஆட்டம் வழக்கமாக 6:40-க்குத்தான் தொடங்குகிறது, அவசரப்படாதீர்கள். எங்கே இடம் காலியாக இருக்கிறது என்பதைப் 'பார்க் பி.ஜி.எச்.' என்ற இணையதளம் அப்போதைக்கப்போது காட்டும். பென் அவென்யூப் பக்கம் நாடக அரங்குகளை ஒட்டிய நிறுத்துமிடங்களில் நாடக இரவுகளில் சிறப்புக் கட்டணம் வைப்பார்கள், அங்கே மட்டும் பார்த்து நுழையுங்கள்.

கேள்வி: புதன்கிழமை பகல் 12:35 ஆட்டத்துக்கு அலுவலகத்தில் விடுப்பு எடுத்திருக்கிறேன். அப்போதும் இதே யோசனைதானா?

இல்லை, அன்று கதையே வேறு. வார நாள் பகலில் டவுன்டவுன் நிறுத்துமிடங்களில் அலுவலகக்காரர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். கட்டணமும் முழுப் பகல் கட்டணம். அன்று காரை ஊருக்கு வெளியே விடுவதுதான் சரி. தெற்கே இருப்பவர்களுக்கு சவுத் ஹில்ஸ் வில்லேஜில் பெரிய அடுக்குமாடி நிறுத்துமிடம் இருக்கிறது. வாஷிங்டன் ஜங்ஷனிலும் ரயிலடியிலேயே காரை விடலாம். அங்கிருந்து ரயில் ஒரே வண்டியில் வடகரை வரை கொண்டுவிடும். இங்கே மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். ஒரு பயணத்துக்கு 2.75 டாலர். தண்டவாளத்திலும் பாலங்களிலும் வேலை நடக்கும் காலங்களில் பாதி வழிக்கு மாற்றுப் பஸ் விடுவார்கள். கிளம்புமுன், ரயிலும் பஸ்ஸும் ஓட்டும் பிட்ஸ்பர்க் ரீஜனல் டிரான்சிட்டின் அறிவிப்பை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஏப்ரலில் நடக்கும் முதல் உள்ளூர் ஆட்டமும் பெரும்பாலும் பகல் ஆட்டம்தான். அன்று கார் எடுக்காமலிருப்பதே உத்தமம்.

கேள்வி: தெருவில் இலவசமாக நிறுத்தவே முடியாதா?

டவுன்டவுன் மீட்டர்களில் ஞாயிற்றுக்கிழமை கட்டணம் வாங்குவதில்லை என்பதுதான் நெடுநாள் வழக்கம். மற்ற நாட்களில் மாலைக்குப் பிறகு பல தெருக்களில் விட்டுவிடுவார்கள். ஆனால் எல்லாத் தெருவுக்கும் ஒரே விதி இல்லை, மைதானத்தைச் சுற்றி இன்னும் வேறு. கம்பத்தில் இருக்கும் பலகையை மேலிருந்து கீழ்வரை முழுவதும் படியுங்கள். இயந்திரம் உங்கள் கார் எண்ணைக் கேட்கும். சீட்டு எதையும் கண்ணாடியில் வைக்க வேண்டியதில்லை. வாடகைக் கார் என்றால் எண் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு இயந்திரத்திடம் போங்கள். பின்னால் நான்கு பேர் நிற்கும்போது மீண்டும் காருக்கு ஓட வேண்டியிருக்காது.

வடகரையில் அலெகெனி வெஸ்ட், மெக்சிகன் வார் ஸ்ட்ரீட்ஸ் போன்ற பழைய குடியிருப்புகளில் காலியாகத் தெரியும் இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவை அங்கே குடியிருப்பவர்களின் அனுமதி ஒட்டிய கார்களுக்கு. அபராதம் கட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அதோடு, வாரம் மூன்று நாள் தன் வீட்டு வாசலில் யாரோ காரை விட்டுப்போவதை எவர்தான் பொறுப்பார்?

கேள்வி (ஓஹையோவிலிருந்து): காலையில் பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயில், மாலையில் ஆட்டம் என்று திட்டம். ஒரே நாளில் முடியுமா?

தாராளமாக முடியும். வெளியூரிலிருந்து வரும் நம்மவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சிக்கல் ஒன்றே ஒன்று: ஸ்குவிரல் ஹில் சுரங்கம். கோயிலிலிருந்து டவுன்டவுனுக்கு வரும் 376-ஆம் எண் சாலை அதற்குள் புகுந்துதான் வர வேண்டும். சுரங்க வாய் வந்ததும் காரணமே இல்லாமல் பிரேக்கில் காலை வைப்பது இந்த ஊர்க்காரர்களின் பிறவிக் குணம். சனிக்கிழமை என்றால் சமாளிக்கலாம். வார நாள் மாலையில் நேரத்தைக் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கத்தையே தவிர்க்க ஒரு வழி உண்டு. கிழக்குப் பக்கம் பஸ்களுக்கென்றே தனிச் சாலை போட்டிருக்கிறார்கள், 1983-இலிருந்து ஓடுகிறது. வில்கின்ஸ்பர்க்கிலோ ஸ்விஸ்வேலிலோ காரை விட்டுவிட்டு 'பி1' பஸ் ஏறினால் வழியில் சிக்னலும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. டவுன்டவுனில் இறங்கி ஆறாவது தெருவுக்கு நடந்தால் பாலம். திரும்பும்போதும் அதே பஸ். இரவு கடைசி வண்டி எப்போது என்று மட்டும் முன்பே பார்த்து வையுங்கள்.

கோயில் கேன்டீன் புளியோதரையைப் பொட்டலமாக வாங்கிவந்து மைதானத்தில் சாப்பிடலாம். பி.என்.சி. பார்க்கில் வெளி உணவுக்குத் தடை இல்லை; தண்ணீர் மட்டும் பிரிக்காத பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்க வேண்டும். பையின் அளவுக்கு விதி உண்டு, போகுமுன் பாருங்கள். உள்ளே நான்கு பேருக்குச் சாப்பாடு வாங்கினால் பார்க்கிங்கில் மிச்சம் பிடித்தது எங்கே போனதென்று தெரியாது.

கேள்வி: கார்னகி மெல்லனில் படிக்கிறேன். கார் இல்லை.

யோகக்காரர் நீங்கள். மாணவர் அட்டை இருந்தால் பஸ் கட்டணமே கிடையாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அப்படித்தான். ஓக்லாந்திலிருந்து 61 அல்லது 71 வரிசைப் பஸ் ஏதாவது ஒன்றில் ஏறி டவுன்டவுனில் இறங்கி நடங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். முழங்கால் வலி, நீண்ட தூரம் நடக்க முடியாது. அவரையும் அழைத்துப்போக ஆசை.

இவருக்காகக் காசைப் பார்க்காதீர்கள். வெஸ்ட் ஜெனரல் ராபின்சன் தெரு நிறுத்துமிடம் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஃபர்ஸ்ட் அவென்யூவில் நிறுத்தி ரயில். நார்த் சைட் நிலையம் தரைக்கு அடியில் இருப்பதால் படிக்கட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது. பாலம் வழியாக மட்டும் அவரை நடக்க வைக்காதீர்கள். தூரம் குறைவுதான், ஆனால் ஏற்றமும் இறக்கமும் உண்டு, உட்கார இடமும் கிடைக்காது. டிக்கெட் வாங்கும்போதே படிகள் குறைவான இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். பார்க்கிங்கைவிட அது முக்கியம்.

கேள்வி: ஆட்டம் முடிந்து வரும்போது ரயில் நிலையத்தில் நிற்கக்கூட இடம் இல்லையே?

எல்லோரும் நார்த் சைட் நிலையத்துக்கே ஓடுவதால் வரும் வினை. நீங்கள் மேற்கே நடந்து அலெகெனி நிலையத்துக்குப் போய்விடுங்கள். வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது. காலி இருக்கையில் உட்கார்ந்துகொண்டு நார்த் சைட் கூட்டத்தை ஜன்னல் வழியே பார்க்கலாம். இல்லையென்றால் பாலத்தைக் கடந்து கேட்வேக்கோ வுட் ஸ்ட்ரீட்டுக்கோ நடந்துவிடுங்கள்; பாதித் தூரம் கடந்த பிறகு பலர் காருக்கே நடந்துபோய்விடுகிறார்கள்.

செயலியில் டாக்சி கூப்பிடுகிறவர்களும் மைதான வாசலில் நின்று கூப்பிட வேண்டாம். அங்கே விலையும் ஏறும், ஓட்டுநரும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. பாலத்தைத் தாண்டிப் பென் அவென்யூ வந்து கூப்பிடுங்கள்.

கேள்வி: விமானத்தில் வருகிறேன், ஒரே இரவு தங்கல். கார் வாடகைக்கு எடுக்கவா?

வேண்டாம். விமான நிலையத்திலிருந்து '28எக்ஸ்' பஸ் டவுன்டவுனுக்கு வருகிறது. அங்கே விடுதி எடுத்தால் ஆட்டத்துக்கு நடந்தே போகலாம். காரை எடுத்தால் வாடகையோடு விடுதியின் பார்க்கிங் கட்டணமும் தலையில் விழும்.

கேள்வி: போன மாதம் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு இந்த மாதம் கேட்கிறார்கள். ஏன்?

நாளைப் பொறுத்தது. வாணவேடிக்கை இரவு, பொம்மை இலவசமாகக் கொடுக்கும் நாள், நியூயார்க் யாங்கீஸ் போன்ற பெரிய அணி வரும் நாள், பைரேட்ஸின் நட்சத்திரப் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் பந்து வீசும் நாள் என்றால் கூட்டம் பெருகும். 2024 மே மாதம் அவர் அறிமுகமானதிலிருந்து அவர் வீசும் நாளும் வீசாத நாளும் வேறு வேறு ஊர்போல இருக்கின்றன. செப்டம்பரில் பக்கத்து மைதானத்தில் ஸ்டீலர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டமும் சேர்ந்துகொண்டால் வடகரைப் பக்கமே திரும்பிப் பார்க்காதீர்கள். எந்த நாளாக இருந்தாலும் சரி என்பவர்கள் ஏப்ரல், மே மாதச் செவ்வாய், புதன் இரவுகளைப் பிடியுங்கள். குளிருக்கு ஒரு கம்பளி எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: பார்க்கிங் செயலியில் இடம் முன்பதிவு செய்கிறேன். எத்தனை மணி நேரத்துக்கு எடுக்க வேண்டும்?

2023-இல், குறித்த நொடிகளுக்குள் பந்தை வீசியாக வேண்டும் என்று கடிகாரம் வைத்த பிறகு ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. போக வர நடை, வெளியேறும் நெரிசல் எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் எடுங்கள். மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் மட்டும் செயலியைத் தொடாதீர்கள். மழைக்காக ஆட்டம் நின்று நின்று நடந்தால் பதிவு நேரம் முடிந்து கூடுதல் கட்டணம் ஏறும். மாலை முழுவதற்கும் ஒரே கட்டணம் வாங்கும் ஆணையத்தின் நிறுத்துமிடத்தில் அந்தத் தொல்லை இல்லை. பத்து மணிக்கு எடுத்தாலும் பன்னிரண்டு மணிக்கு எடுத்தாலும் அதே காசுதான்.