பாட்டுக்கு ஆடும் எல்இடி: வெளிச்சம் கூட்டுவது எப்படி?

வெசாக் பந்தல் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதினார்களோ என்னவோ, இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பாட்டுக்கு ஏறி இறங்கும் எல்இடி கிட்டை வாங்கிப் பூட்டியாயிற்று, ஆனால் பகலில் பார்த்தால் மின்மினி மாதிரி இருக்கிறது.

என் கிட்டில் பாட்டின் சத்தத்துக்கேற்ப எல்இடிகளைப் படிப்படியாக எரியவைக்கும் எல்எம் 3915 ஐசி (சிப்), 10 சிவப்பு எல்இடி. 12 வோல்ட் கொடுக்கிறேன். வெளிச்சம் கூட்டலாம் என்று ரெசிஸ்டரைக் குறைத்தேன், ஐசியில் கை வைக்க முடியவில்லை. ஏன் அண்ணா? – கொட்டாஞ்சேனை

சூடாகாவிட்டால்தான் தம்பி அதிசயம். ஐசியின் 7ஆம் காலில் உள்ள ரெசிஸ்டர்தான் கரண்டைத் தீர்மானிக்கிறது. அந்தக் காலில் 1.25 வோல்ட் நிற்கும். ரெசிஸ்டர் வழியே ஓடுவதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒவ்வொரு எல்இடிக்கும் போகும். 1.2 கிலோஓம் போட்டால் சுமார் 10 மில்லிஅம்பியர், 620 ஓம் போட்டால் 20.

பத்தும் எரியும்போது 200 மில்லிஅம்பியர். சிவப்பு எல்இடி 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 10 வோல்ட் ஐசியின் தலையில். அதாவது 2 வாட். அந்த ஐசி தாங்குவதே அதிகபட்சம் 1.365 வாட்தான்.

வழி சுலபம். ஐசிக்கு 12 வோல்ட் இருக்கட்டும். எல்இடிகளின் பொசிட்டிவ் பக்கத்தை மட்டும் வெட்டிப் பிரித்து 5 வோல்ட்டில் கொடுங்கள், இரண்டு கிரவுண்டையும் ஒன்றாக்குங்கள். சூடு 0.6 வாட்டுக்கு இறங்கிவிடும். எல்இடிக்குப் போகும் வயர் ஆறு அங்குலத்தைத் தாண்டினால் ஐசிக்குப் பக்கத்திலேயே 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு நின்ற பிறகும் விளக்கு தானாக மினுங்கும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு எல்இடியை மாற்றிப் பாருங்கள். கரண்டை இரட்டிப்பாக்கினால் கண்ணுக்கு வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியாது. கிட்டோடு வரும் மங்கல் எல்இடிக்குப் பதிலாக, கண்ணாடிபோல் தெளிவான ஹை பிரைட் வகையைப் போட்டால் அதே 20 மில்லிஅம்பியரில் பல மடங்கு பளிச்சிடும். நேராகப் பார்த்தால் கண் கூசும், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான் குறை. நான் மெல்லிய மண்தாள் கொண்டு அதன் மூக்கை லேசாகத் தேய்த்துவிடுவேன். ஒளி நன்றாகப் பரவும்.

ஒவ்வொரு படிக்கும் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் துண்டு போட முடியுமா? சின்ன சிக்னலை வாங்கிப் பெரிய கரண்டை ஓட்டும் யூஎல்என் 2803 ஐசி போதும் என்கிறார் நண்பர். – தெஹிவளை

ஸ்ட்ரிப் போடலாம், நண்பரின் ஐசி இங்கே சரிவராது. 2803 வேலை செய்ய உள்ளே பொசிட்டிவ் வரவேண்டும். 3915 தருவதோ கிரவுண்டை நோக்கி இழுக்கும் வெளியீடு. அதனால் படிக்கு ஒன்றாக பிஎன்பி ட்ரான்சிஸ்டர் போடுங்கள். பிசி 327 போதும், கொஞ்சம் தாராளம் வேண்டுமென்றால் பிடி 140. எமிட்டர் 12 வோல்ட்டில், கலெக்டர் ஸ்ட்ரிப்பின் பொசிட்டிவில், ஸ்ட்ரிப்பின் மறுமுனை கிரவுண்டில். பேஸிலிருந்து 1 கிலோஓம் வழியாக 3915இன் காலுக்கு. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 10 கிலோஓம் மறக்க வேண்டாம், அணையவேண்டிய நேரத்தில் முழுதாக அணைய அதுதான் உதவும். 7ஆம் காலில் 1.2 கிலோஓம் இருக்கட்டும்.

மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 ஸ்ட்ரிப்பில் 10 சென்டிமீட்டர் துண்டு 120 மில்லிஅம்பியர் இழுக்கும். பத்துப் படிக்கு 1.2 அம்பியர், 2 அம்பியர் சப்ளை வாங்குங்கள். இதையே ஏழு நிரையாகச் செய்ய ஆசைப்பட்டால் 8 அம்பியரைத் தாண்டிவிடும், வீட்டில் கிடக்கும் பழைய ரௌட்டர் அடப்டர் தாங்காது.

மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் ஓடும் சிப்) வைத்த 16 நிரை கிட்டில் பெரிய எல்இடி மாட்டினேன். முன்பைவிட மங்கலாக இருக்கிறது. – வெள்ளவத்தை

அதில் எல்லா நிரையும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒவ்வொன்றாக மாறிமாறி, பதினாறில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது; கண்தான் சேர்த்துப் பார்க்கிறது. சராசரி 20 மில்லிஅம்பியர் வேண்டுமென்றால் எரியும் கணத்தில் 320 தரவேண்டும். சிப்பின் கால் அதற்கு ஆகாது, நிரை, வரி இரண்டு பக்கமும் கூடுதல் கரண்டைத் தாங்கும் டிரைவர் போடவேண்டும். உண்மையைச் சொன்னால், அவ்வளவு சோல்டரிங் வேலைக்கு அந்தக் கிட் பெறுமதியில்லை. எம்எஸ்ஜிஇக்யூ 7 என்ற ஐசி 63 ஹெர்ட்ஸ் முதல் 16 கிலோஹெர்ட்ஸ் வரை பாட்டின் ஒலியை ஏழு பட்டைகளாகத் தானே பிரித்துத் தரும். அதோடு ஒரு ஆர்டுயீனோவும் (புரோகிராம் போடும் சின்ன போர்டு), எல்இடிகளைத் தனித்தனியாக எரியவைக்கக்கூடிய டபிள்யூஎஸ் 2812பி ஸ்ட்ரிப்பும் வைத்துப் புதிதாகக் கட்டுங்கள். முழு வெள்ளையில் ஒரு எல்இடிக்கு 60 மில்லிஅம்பியர் கணக்குப் போட்டு சப்ளை தெரிவு செய்யுங்கள்.

ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுத்தேன். அம்ப் (அம்ப்ளிஃபையர்) செத்துவிட்டது! – மட்டக்குளி

உங்கள் அம்ப் ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் ஓட்டும் வகையாக இருக்கும். கார் செட்டுகளும் சின்ன டிஜிட்டல் அம்ப் போர்டுகளும் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றில் கறுப்பு வயர் கிரவுண்ட் இல்லை. அதைக் கிட்டின் கிரவுண்டில் கட்டினால் ஷோர்ட். நானும் ஒரு போர்டை இப்படி எரித்திருக்கிறேன், அதுவும் தீபாவளிக்கு முதல் நாள் இரவு. ஃபோனிலிருந்து அம்புக்குப் போகும் வயரில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு அங்கிருந்தே எடுங்கள்.

சாமான் எங்கே வாங்குவது? – பம்பலப்பிட்டி

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. பள்ளிப் புத்தகத்துத் ‘தடையி’ கவுன்டரில் செல்லாது, ரெசிஸ்டர் என்றே கேளுங்கள். ஹை பிரைட் எல்இடி கேட்டால் கடையிலேயே எரித்துக் காட்டச் சொல்லுங்கள். பத்து வேண்டுமென்றால் பன்னிரண்டு வாங்குங்கள், ஒரே பையிலிருந்து. வேறு வேறு பையில் எடுத்தால் நிறம் ஒத்துப்போகாது.