வக்கீல் கூகுளில் விளம்பரம் கொடுக்கலாமா?

வணக்கம் சார். மதுரையில் தனியாக அலுவலகம் போட்டிருக்கிறேன், மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் கூகுளில் முதலில் வரவைப்பதாக ஒரு ஏஜென்சி சொல்கிறது, கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கொடுக்காதீர்கள். பணம் போவதை விடுங்கள், சன்னதுக்கே (வக்கீல் தொழில் செய்யும் உரிமத்துக்கே) வேட்டு வந்துவிடும். வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அகில இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி, நேரடியாகவோ மறைமுகமாகவோ வக்கீல் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆன்லைன் தளங்கள் வழியாக வேலை பிடிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டுவிட்டது.

ஆனால் வெப்சைட் வைக்கலாம், 2008-இல் விதியைத் திருத்தினார்கள். பெயர், முகவரி, போன், மின்னஞ்சல், என்ரோல்மென்ட் (வக்கீலாகப் பதிவு செய்த) எண், தேதி, பதிவு செய்த மாநில பார் கவுன்சிலின் பெயர், உறுப்பினராக உள்ள வக்கீல் சங்கத்தின் பெயர், படிப்பு, அப்புறம் சிவில், கிரிமினல், வரி என்று நீங்கள் நடத்தும் வழக்குகளின் வகை. விவரங்கள் உண்மை என்ற உறுதிமொழியும் வேண்டும். அவ்வளவுதான்.

ஏஜென்சி தந்த மாதிரியில் 'மதுரையின் நம்பர் 1 விவாகரத்து நிபுணர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அதுதான் வினை. வாசல் போர்டில்கூட இன்ன வழக்கில் நிபுணர் என்று எழுதக் கூடாது. ஜெயித்த வழக்குப் பட்டியல், கட்சிக்காரர் (உங்களிடம் வழக்கு கொடுத்தவர்) பாராட்டு எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள்.

எழுத வருமென்றால், பட்டா பெயர் மாற்றத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள். கடைசி வரியில் 'உடனே அழைக்கவும்' மட்டும் வேண்டாம்.