ஒரே நாளில் இரண்டு சோடியம் அளவுகள்: எதை நம்புவது?

கேள்வி: செங்கோட்டையில் ஒரு சிறிய லேபில் என் தந்தைக்குச் சோடியம் 138 என்று வந்தது. அன்றே திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் பார்த்தபோது 131. டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 4,800, சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) பால் போல இருந்ததாம். பெரிய இடத்து முடிவைத்தானே நம்ப வேண்டும்?

பதில்: உங்கள் தந்தையைப் பொறுத்தவரை, செங்கோட்டை முடிவே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பல கருவிகளில் சோடியத்தை அளக்கும் உணர்முனையான எலெக்ட்ரோடின் நுனியில், மற்ற அயனிகளை விட்டுச் சோடியத்தையே பெரிதும் உணரும் தனிவகைக் கண்ணாடிச் சவ்வு உண்டு. சவ்வின் இருபுறமும் அயனிச் செறிவு வேறுபடுவதால் எழும் மின்னழுத்தத்தை, மாறாத அழுத்தமுடைய இன்னொரு எலெக்ட்ரோடோடு ஒப்பிட்டுக் கருவி அளக்கிறது. செறிவு பத்து மடங்கானால் 37 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 61.5 மில்லிவோல்ட் மாறும். சோடியம் 140க்கும் 145க்கும் இடையிலோ ஒரு மில்லிவோல்ட்கூட இல்லை. இதனால்தான் காலிபரேஷனில் (அளவு தெரிந்த கரைசலைக் கொண்டு கருவியைச் சரிசெய்வதில்) கறாராக இருக்கும் லேபை, அது எத்தனை சிறியதானாலும், நான் மதிக்கிறேன்.

எலெக்ட்ரோடு உணர்வது தண்ணீரில் கரைந்த அயனியை மட்டுமே. சீரத்தில் வழக்கமாகத் தண்ணீர் சுமார் 93 விழுக்காடு. மீதி பெரும்பாலும் புரதமும் கொழுப்பும். சோடியம் போன்ற அயனிகளை அளக்கும் சிறிய எலெக்ட்ரோலைட் கருவிகள் பெரும்பாலும் சீரத்தை நீர்க்காமல் நேராக அளக்கின்றன. பெரிய தானியங்கிக் கருவிகள் பலவும் குறிப்பிட்ட கன அளவை எடுத்து, பல மடங்கு நீர்த்து அளந்து, தண்ணீர்ப் பங்கு வழக்கமான அளவில்தான் இருக்கிறது என்று கொண்டு கணக்கிடுகின்றன. கொழுப்பு இடத்தை அடைத்துத் தண்ணீர் 88 விழுக்காடாக இறங்கினால், 138 என வரவேண்டியது 131 என்றே வரும். உடலில் சோடியம் குறையவில்லை, எடுத்த துளியில்தான் தண்ணீர் குறைந்திருக்கிறது. மருத்துவத்தில் இதைப் போலிச் சோடியக் குறைவு என்பார்கள்.

இதை உறுதிசெய்ய, அந்தப் பெரிய மருத்துவமனையிலேயே பிளட் கேஸ் கருவியில் (இரத்தத்தில் உள்ள வாயுக்களை அளப்பது) சோடியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்; அது நீர்க்காமல் அளக்கும். சீரம் ஆஸ்மோலாலிட்டியும் (சீரத்தின் தண்ணீரில் கரைந்த பொருள்களின் மொத்தச் செறிவு) இயல்பாக இருந்தால் ஐயம் தீரும். அதற்குமுன் 131ஐ நம்பி உப்பைக் கூட்டவோ தண்ணீரைக் குறைக்கவோ வேண்டாம்; வேறு காரணத்தால் சோடியம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

என் கவலையெல்லாம் அந்த 4,800 பற்றித்தான். அந்த அளவு டிரைகிளிசரைடு கணைய அழற்சியை வரவழைக்கக்கூடும். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கடும் வயிற்றுவலியோ வாந்தியோ இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.