கலியாண வீடியோ ஒன்றை டிவிடி, பென்டிரைவ், யூரியூப், வட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் தரம் கெடாமல் மாற்றுவது எப்படி?

சுருக்கினால் ஏதோ ஒன்று போகத்தான் செய்யும். எதை விட்டால் பார்க்கிற ஆளுக்குத் தெரியாது என்பதுதான் எங்கள் கையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கலியாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இங்கே ஒரே கலியாணம் பக்கத்து வீட்டு ரிவிக்கும், ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பாவின் டிவிடி பிளேயருக்கும், சுவிஸில் இருக்கும் மச்சாளின் போனுக்கும் போகவேணும்.

எடிட்டிங் முடிந்ததும் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆரில் (தரம் குறையாத அளவுக்கு மட்டும் சுருக்கும், எடிட்டிங்குக்கான வீடியோ வகைகள்) ஒரு மாஸ்டர் பைல் எடுத்து வையுங்கள். ஹாட் டிஸ்க்கில் இடம் காணாவிட்டால் வழமையாகப் பாவிக்கிற எச்.264 சுருக்க முறையில் 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) அளவில் என்றாலும் பரவாயில்லை. எல்லாக் கொப்பியும் இதிலிருந்து நேரே போகவேணும். டிவிடியில் இருந்து எடுத்து யூரியூப்புக்கு ஏற்றுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 720×576க்குச் சுருங்கிய படத்தை மறுபடி 1080க்கு இழுத்தால் போன விபரம் திரும்பி வராது.

பைல் எவ்வளவு பெரிதாக வரும் என்பதைப் பிட்ரேற்றையும் (நொடிக்கு எத்தனை பிட் என்பதையும்) நேரத்தையும் நொடிக் கணக்கில் பெருக்கி, பைட்டாக்க எட்டால் பிரித்துப் பாருங்கள். 8 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 3.6 ஜிபி. ஒற்றை லேயர் டிவிடியில் 4.7 ஜிபிதான் பிடிக்கும். இரண்டு மணித்தியாலப் படத்துக்குச் சத்தத்தையும் சேர்த்து 5 எம்பிபிஎஸ் அளவில் கிடைக்கும். டிவிடி பாவிக்கிற எம்பெக்-2 சுருக்க முறைக்கு அது காணும். "தம்பி, நாலு மணித்தியாலத்தையும் ஒரே டிஸ்க்கில் அடக்கித் தாரும்" என்று கேட்டால் நான் மறுத்துவிடுவேன். இரண்டு டிஸ்க்கில் கொடுங்கள்.

எங்கே கட்டம் கட்டமாக உடைகிறது என்று பார்க்க அறுகரிசி போடும் இடத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு பிரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையில் மாறினதை மட்டும் எழுதித்தான் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) இடத்தை மிச்சம் பிடிக்கிறது. ஐயர் மந்திரம் சொல்கிற நேரத்தில் மாறுவதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை. அறுகரிசி விழும்போது ஒவ்வொரு மணியும் மாற்றம், பின்னால் ஓமப்புகை வேறு. அதனால் டிவிடிக்கு எப்போதும் டூ-பாஸ் விபிஆர் (படத்தை இரண்டு தரம் ஓட்டி, இடத்துக்கு இடம் பிட்ரேற்றை மாற்றும் முறை) போடுங்கள். முதல் ஓட்டத்தில் முழுப் படத்தையும் அளந்து, மந்திரப் பகுதியில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழிக்கும்.

கூறைச்சேலையின் சிவப்பு ஓரம் கலங்குவது வேறு கதை. 4:2:0 முறையில் நிறத்தின் விபரம் அகலத்திலும் உயரத்திலும் பாதிதான் சேமிக்கப்படுகிறது, பிட்ரேற்றை ஏற்றி அதைச் சரிக்கட்ட ஏலாது. எடிட்டிங்கில் சிவப்பை அளவுக்கு மிஞ்சி ஏற்றாமல் விட்டாலே பாதித் தொல்லை இல்லை.

கனடாவுக்கு டிவிடி என்றால் முதலே கேட்டுவிடுங்கள். இங்கே நாங்கள் எடுப்பது பால் (PAL) என்கிற ரிவி முறை, நொடிக்கு 25 பிரேம். அங்கே என்ரிஎஸ்சி (NTSC) முறை, 720×480, நொடிக்கு 29.97. அங்குள்ள பல பிளேயர்களில் பால் டிஸ்க் ஓடாது. மாற்றும்போது சில பிரேம்கள் இரட்டிக்கும், கமெரா பந்தி வரிசையை மெதுவாகச் சுற்றுகிற இடத்தில் அந்தத் திக்கல் தெரியும். என்னைக் கேட்டால் கனடாக்காரருக்குப் பென்டிரைவே மேல்.

பென்டிரைவுக்கு எச்.264 எம்பி4, சத்தம் ஏஏசி. ஹாண்ட்பிரேக் என்கிற மென்பொருளில் ஆர்எஃப் (தர அளவு, எண் குறையத் தரம் கூடும்) 20 வைத்தால் நல்லாக வரும். எச்.265 கிட்டத்தட்டப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும், ஆனால் பழைய ரிவிகளில் படமே வராது. பென்டிரைவ் ஃபாட்32 முறையில் ஃபோர்மட் செய்தது என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை ஏற்காது. பெரிய பைலை ஏற்கிற எக்ஸ்ஃபாட் ஃபோர்மட்டைப் பல பழைய ரிவிகள் வாசிக்காதபடியால் நான் தாலிகட்டு, வரவேற்பு என்று தனித்தனிப் பைலாகவே போடுகிறேன்.

யூரியூப் எப்படியும் தன்பாட்டில் மறுபடி சுருக்கும். 1080க்கு அவர்கள் சொல்வது 8 எம்பிபிஎஸ். இன்ரர்நெட் லைன் தாங்கினால் அதற்கு இரண்டு மடங்கு கொடுங்கள்.

வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அதுவும் சுருக்கும், டொக்கியூமென்ட்டாக அனுப்பினால் தொடாது. மூன்று நிமிட ஹைலைட்டை 720இல் 2 எம்பிபிஎஸ்ஸுக்கு எடுத்தால் 45 எம்பிதான் வரும். போனில் பார்க்க அது தாராளம். முழுக் கலியாணத்தையும் வட்ஸ்அப்பில் கேட்கிற மச்சாளுக்குக் கூகுள் டிரைவ் லிங்க் ஒன்றை அனுப்பிவிடுங்கள்.