பாஸ் வேறு, சீட் வேறு: ஐரோப்பிய ரயில் பயணக் கேள்வி-பதில்

கோடை விடுமுறை நெருங்கியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. அவற்றில் பாதிக்குப் பதிலே எழுத முடியவில்லை. எந்தெந்த ஊர், எந்தத் தேதி, யார் யாருக்கு என்ன வயது: இந்த மூன்றையும் எழுதாமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி: குடும்பத்தோடு ஐரோப்பா போகிறோம். எந்த பாஸ் நல்லது? (சேலம் வாசகர்)

பதில்: இப்போதுதான் சொன்னேன். ஊர்களை வரிசையாக எழுதி அனுப்புங்கள். பிறகு பார்க்கலாம்.

கேள்வி: பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் மூன்றும் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் 4 நாள் பயணம் செய்யும், பல நாட்டு ரயில்களுக்கும் பொதுவான யூரெயில் பாஸ் போதுமா? (திருச்சி வாசகி)

பதில்: வேண்டவே வேண்டாம். உங்களுக்கு இருப்பது இரண்டே ரயில் பயணம். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் சுமார் இரண்டு மணி நேரம். அதற்கு ஆளுக்கு 300 யூரோ அளவில் பாஸ் வாங்குவது வீண் செலவு. இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே தனி டிக்கெட் எடுத்துவிடுங்கள். நீண்ட தூரப் பயணம் ஐந்தாறாவது இருந்தால்தான் நான் பாஸ் பக்கமே போகச் சொல்வேன்.

கேள்வி: மகன் லண்டனில் வேலை செய்கிறான், இந்திய பாஸ்போர்ட். எங்களோடு அவனுக்கும் யூரெயில் வாங்கலாமா?

பதில்: கூடாது. பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, வசிக்கும் நாட்டைத்தான் பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் வசிப்பவருக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவருக்கு யூரெயில். ஒரே ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம், அதில் தடையில்லை. ஆனால் இன்டர்ரெயிலில், தான் வசிக்கும் நாட்டுக்குள் பயணம் செய்ய, வெளியேற ஒருநாள், திரும்பிவர ஒருநாள், அவ்வளவுதான். பிரிட்டனில் வசித்தாலும் அவருக்கு ஷெங்கன் விசா வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

கேள்வி: நால்வருக்கு 7 நாள் பாஸ் வாங்கினோம். பாரிஸில் காலையில் நிலையத்துக்குப் போய் ஜூரிச் ரயிலில் சீட் கேட்டால், பாஸ்காரர்களுக்கு இடமில்லை என்றார்கள். அதே ரயிலுக்கு முழுக்கட்டண டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? (கோவை வாசகர்)

பதில்: ரயில்வேக்காரர்கள் ஏமாற்றவில்லை. உங்களுக்கு பாஸ் விற்றவர் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் தவறு. இந்தக் கடிதம் ஆண்டுதோறும் ஊர் பெயர் மட்டும் மாறி எனக்கு வருகிறது. வரும்போதெல்லாம் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. ‘33 நாடுகள், நினைத்த ரயிலில் ஏறலாம்’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்கிறவர்கள், முன்பதிவு பற்றிய வரியை அடியில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கிறார்கள்.

நான் எத்தனை முறை எழுதினாலும் தகும்: பாஸ் வேறு, சீட் வேறு. பாஸ் என்பது பயணக் கட்டணம் செலுத்தியாகிவிட்டது என்பதற்கான அத்தாட்சி. முன்பதிவு கட்டாயம் என்றுள்ள ரயிலில் சீட்டுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். பிரான்சின் டிஜிவி, பாரிஸிலிருந்து லண்டன் போகும் யூரோஸ்டார், இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, ஸ்பெயினின் அதிவேக ரயில்கள் எல்லாம் இந்த வகை. டிஜிவிக்கு உள்நாட்டில் 10 முதல் 20 யூரோ, இத்தாலியில் 10 முதல் 15, யூரோஸ்டாரும் நீங்கள் கேட்ட பாரிஸ்-ஜூரிச் ரயிலும் 30 யூரோவை ஒட்டி. நால்வர் என்றால் அந்த ஒரு பயணத்துக்கே 120 யூரோ. போதாக்குறைக்கு, இந்த ரயில்கள் பலவற்றில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கீடு உண்டு. அது தீர்ந்துவிட்டால், ரயிலில் பாதி காலியாக இருந்தாலும் உங்களுக்கு இடம் கிடையாது. ஜூலை, ஆகஸ்ட்டில் அது வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துபோகும். நம் ஊர் தத்கல் போல முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளுக்குள் ஓடும் பெரும்பாலான ரயில்களில் இந்தத் தொல்லை இல்லை. ஏறி, காலி இடத்தில் உட்காரலாம். பாஸ் பணத்துக்கு நியாயம் கிடைப்பது இந்த நாடுகளில்தான். பிரான்சையும் ஸ்பெயினையும் மட்டும் சுற்றுகிறவர் பாஸ் வாங்குவதற்குள் பத்து முறை யோசிக்க வேண்டும்.

அன்று காலை உங்களுக்கு வழியே இல்லாமல் போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம். பாரிஸ் எஸ்ட் நிலையத்திலிருந்து த்ருவா வழியாக முலூஸுக்கு டிஇஆர் என்ற வட்டார ரயில் உண்டு. ஐந்து மணி நேரம் ஆகும், முன்பதிவு கிடையாது. முலூஸிலிருந்து பாஸல் அரை மணி நேரம், பாஸலிலிருந்து ஜூரிச் ஒரு மணி நேரம். இரவுச் சாப்பாட்டுக்குள் ஜூரிச் போய்ச் சேர்ந்திருக்கலாம். பாஸ்காரர்களுக்கான ரயில் பிளானர் செயலியில் முன்பதிவு தேவைப்படாத ரயில்களை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. புறப்படுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்தே அதைப் பழகிக்கொள்ளுங்கள். நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு பழகுவதற்கான விஷயமல்ல அது.

கேள்வி: இரவு ரயிலில் போனால் பாஸில் இரண்டு நாள் கழியுமா?

பதில்: நள்ளிரவுக்கு முன் ஏறி, நள்ளிரவுக்குப் பின் வேறு ரயில் மாறாமல் இறங்கினால் ஒரே நாள்தான், ஏறிய நாள். இறங்கிய பிறகு அன்று இன்னொரு ரயில் பிடித்தால் அது புதிய நாள். படுக்கைக்குப் பணம் தனி. பாஸ் வேறு, சீட் வேறு, படுக்கையும் வேறு.

கேள்வி: அப்பாவுக்கு 65, அம்மாவுக்கு 62, பிள்ளைகளுக்கு 9, 13. சலுகை உண்டா?

பதில்: வயதை எழுதிக் கேட்டதற்கு நன்றி. 60 நிறைந்தவர்களுக்குச் சுமார் 10 சதவீதம், 12 முதல் 27 வயது வரை 25 சதவீதம் குறையும். 9 வயதுப் பிள்ளைக்கு இலவசம். இலவசம் என்பதால் பாஸே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். பெரியவர்களின் பாஸோடு சேர்த்துக் குழந்தை பாஸும் எடுக்க வேண்டும். முன்பதிவுக் கட்டணம் குழந்தைக்கும் உண்டு.

கேள்வி: சுவிட்சர்லாந்து மட்டும், ஆறு நாள். யூரெயிலா, சுவிஸ் டிராவல் பாஸா?

பதில்: சுவிஸ் டிராவல் பாஸ். ரயிலோடு பஸ், ஏரிப் படகு, நகர டிராம் எல்லாம் அதில் அடங்கும். ரிகி மலைக்கு இலவசம். யுங்ஃப்ராவுக்குக் கால்வாசிதான் தள்ளுபடி, மீதியைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சுவிஸ் மலைப்பாதையில் ஓடும் சொகுசு ரயிலான பெர்னினா எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்கவில்லை என்று வருந்தி எழுதுகிறவர்கள் பலர். அதே தண்டவாளத்தில், அதே மலையில், சாதாரண சிவப்பு ரயில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று ஓடுகிறது. முன்பதிவு இல்லை. சொகுசு ரயிலின் பெரிய கண்ணாடி திறக்காது. இதிலோ பல பெட்டிகளில் சன்னலை இறக்கிவிடலாம். 2,253 மீட்டர் உயரத்தில் ஓஸ்பிட்ஸியோ பெர்னினாவைத் தாண்டி, பல்சக்கரத் துணையில்லாமலே இத்தாலியின் திரானோவுக்கு இறங்குகிறது. ப்ரூஸியோவில் வட்டப் பாலத்தைச் சுற்றும்போது உங்கள் ரயிலின் முன்பெட்டி கீழே வளைந்து போவதை நீங்களே எட்டிப் பார்க்கலாம். 1910இல் போட்ட பாதை. அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி. ரயிலில் எடை போடுவார்களா?

பதில்: எடை போட மாட்டார்கள், தூக்கிவிடவும் ஆள் கிடையாது. இடைப்பட்ட நிலையங்களில் ரயில் இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். படி ஏறி, குறுகலான வழியில் உங்கள் பெட்டிகளை நீங்களேதான் நகர்த்த வேண்டும். டிஜிவியில் பெரிய பெட்டி இரண்டு, கைப்பை ஒன்று என்று வரம்பு வைத்து, பெயர் எழுதிய அட்டையையும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, தனியாளாகத் தூக்கக்கூடியது. அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: பாரிஸில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: தாராளமாக. பாரிஸ் நோர் நிலையத்தை விட்டு வெளியே வந்து லா சப்பல் பக்கம் ஐந்து நிமிடம் நடங்கள். கடைப் பலகைகளில் தமிழைப் பார்ப்பீர்கள். ஈழத் தமிழர்கள் உழைத்து உருவாக்கிய கடைத்தெரு அது. இட்லி, தோசை, இடியாப்பம், சொதி எல்லாம் கிடைக்கும். அடுத்த ரயிலுக்கும் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிராங்க்ஃபர்ட் என்று தேடினால் இரண்டு வருகிறது. எது?

பதில்: மைன் ஆற்றங்கரையில் இருப்பது. ஓடர் ஆற்றங்கரையில் இருப்பது போலந்து எல்லையில்.

கேள்வி: பாஸ் பிரிட்டனுக்கும் செல்லும் என்கிறார்கள். ஷெங்கன் விசா இருக்கிறது. பாரிஸிலிருந்து லண்டன் போய்வரலாமா? (மதுரை வாசகர்)

பதில்: பாஸ் செல்லும், விசா செல்லாது. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். பாரிஸ் நோர் நிலையத்திலேயே பிரிட்டிஷ் அதிகாரிகள் சோதிப்பார்கள். விசா இல்லாமல் ரயிலில் ஏறவே முடியாது. பிரிட்டன் விசா கிடைத்தாலும் உங்கள் ஷெங்கன் விசாவை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை நுழைய மட்டும் என்று இருந்தால் லண்டனிலிருந்து பாரிஸுக்குத் திரும்ப முடியாது. லண்டனைக் கடைசி ஊராக வைத்து, அங்கிருந்தே சென்னைக்கு விமானம் ஏறிவிடுங்கள். யூரோஸ்டார் சீட்டை இன்றே பதிவு செய்யுங்கள்.