எதற்கும் 'ஆமாம்' சொல்லும் மேலாளர்

கேள்வி: எங்கள் பழைய மேலாளர் எதைச் சொன்னாலும் முதலில் 'இல்லை' என்பார். புதிதாக வந்தவர் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்கிறார். ஆனால் குழப்பம் இப்போதுதான் அதிகம். ஏன் இப்படி? அவரிடம் எப்படிப் பேசுவது? — ஒரு வாசகி

பதில்: நிர்வாகக் கூட்டங்களில் குறிப்பெடுப்பதுதான் பல வருடம் என் வேலை. அதனால் உங்கள் நிலைமை நன்றாகவே புரிகிறது. காலையில் ஒருவரிடம் 'செய்யலாம்' என்றவர், மதியம் நேர்மாறான யோசனையோடு வருபவரிடமும் 'செய்யலாம்' என்றால், இருவருமே அனுமதி கிடைத்ததாக நினைத்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அவரோ 'நீங்கள் சொன்னதைக் கேட்டேன்' என்ற அளவில்தான் தலையாட்டியிருப்பார். முகத்துக்கு நேரே மறுக்க மனம் வராதவர்களிடம் இந்தப் பழக்கம் நிறைய உண்டு.

எடுத்த எடுப்பில் மறுப்பவரிடம் சிக்கல் வேறு மாதிரி. கெட்ட செய்தி அவரிடம் கடைசியாகத்தான் போய்ச் சேரும்.

இரண்டிலும் எனக்கு அதிகக் கவலை தருவது, தலைவர் முந்திக்கொண்டு சொல்லும் சம்மதம். ஒரு கூட்டத்துக்குப் பொறியாளர் ஒருவர் தன் ஆட்சேபங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். தலைவர் உட்கார்ந்ததுமே 'நல்ல திட்டம், ஆரம்பித்துவிடலாம்' என்றார். பொறியாளர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குறிப்பில் 'அனைவரும் ஒப்புக்கொண்டனர்' என்றுதான் பதிவானது.

நாட்டை ஆள்பவர்களுக்கும் இது நடக்கும். 1961 ஏப்ரலில் கியூபாவின் ஆட்சியைக் கவிழ்க்க அமெரிக்கா பயிற்சி கொடுத்து அனுப்பிய, கியூபாவை விட்டு வெளியேறியிருந்த சுமார் 1,400 பேர், கியூபாவின் பிக்ஸ் விரிகுடாவில் மூன்றே நாளில் தோற்றுப்போனார்கள். அந்தத் திட்டம் வேண்டாம் என்று ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் அதிபர் கென்னடிக்கு எழுதியே கொடுத்திருந்தார். ஆனால் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. பின்னாளில் அதற்காக வருந்தினார். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்தபோது, ஆலோசகர்களின் சில கூட்டங்களுக்குக் கென்னடி வேண்டுமென்றே போகவில்லை. தான் இல்லாவிட்டால் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நினைத்தார். தொடக்கத்தில் வான் தாக்குதல் பேச்சே ஓங்கியிருந்தது; வாதம் நடந்து நடந்து கடைசியில் கடல்வழி முற்றுகை என்று முடிவானது. தலைவர் கடைசியில் பேசினால் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

சரி, உங்கள் மேலாளருக்கு வருவோம். அவர் 'ஆமாம்' என்றதும் நன்றி சொல்லிக் கிளம்பிவிடாதீர்கள். 'இதற்காக எந்த வேலையைத் தள்ளி வைக்கட்டும்?' என்று அங்கேயே கேளுங்கள். உண்மையாகச் சம்மதித்திருந்தால் பதில் வரும். தயங்கினால், 'இதில் உங்களுக்கு இடிப்பது எது?' என்று கேளுங்கள். மறுப்பதற்கு நீங்களே வழிவிட்டால் அவருக்கும் பேச்சு எளிதாக வரும். அப்புறம், பேசி முடிவானதை அன்றே இரண்டு வரியில் எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள்.